வெர்னன் தேய்த்த அரை டாலர்

மார்ச் 9, 1974
மழை. தபால் அலுவலகத்தில் அரை நாள் வேலை. அடுத்த சனிக்கிழமை நாணயச் சங்கத்தின் கண்காட்சி. என் 1795-ஆம் வருஷத்து அரை டாலரை இந்த முறை வைக்கப்போகிறேன். அச்சடித்த நாளிலிருந்து யாரும் கழுவாத வெள்ளி. அதிலிருக்கும் பெண்ணின் கன்னத்தில் சாம்பலும் நீலமுமாகப் படிந்த அந்தக் கறுப்புக்காகத்தானே இத்தனை வருஷம் தேடினேன்!

மார்ச் 13
தேய்த்துவிட்டான். பற்பசை போட்டு, பழைய பிரஷ்ஷால்! வேலை முடிந்து வருகிறேன், சமையலறை மேஜையில் புது ஸ்பூன் மாதிரி மின்னுகிறது. பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு என் புருஷன்.
"பாத்தியா லெனோரா, கண்காட்சிக்குப் பளபளன்னு போகட்டும்னுதான்."
"அது அழுக்கில்ல வெர்னன்! அதுதான் அதோட தோல்!"
"வெள்ளின்னா மின்னத்தானே வேணும்?"
இவனிடம் என்னத்தைச் சொல்ல? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கன்னம் முழுக்கக் கீறல்.

மார்ச் 14
பேசவில்லை.

மார்ச் 16
கண்காட்சிக்குப் போகவில்லை. சங்கத் தலைவர் ஹோமர் போன் செய்தார். காய்ச்சல் என்றேன்.

ஏப்ரல் 6
இதற்கு அந்தப் பற்பசையே தேவலை. எனக்குத் தெரியாமல் கொலம்பஸ் நகரத்துக்கு எடுத்துப்போய், ஒரு நாணயக் கடையில் கொடுத்து நிறம் ஏற்றி வாங்கி வந்திருக்கிறான். ஊதாவும் நீலமுமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.
"கந்தகப் புகை காட்டினா பழையபடி ஆயிடும்னான் கடைக்காரன். யாருக்கும் தெரியாதாம்."
"எனக்குத் தெரியுமே! அன்னிக்குப் பண்ணினது தெரியாத்தனம். இது பித்தலாட்டம்!"
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நிற்கட்டும்.

ஏப்ரல் 20
சங்கக் கூட்டம். வெர்னன்தான் கார் ஓட்டினார். நாணயத்தை ஏன் எடுத்துப்போனேன்? தெரியவில்லை. ஹோமர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
"அடேயப்பா, என்ன நிறம்! இத்தனை நாள் எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"
எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து வெர்னனின் குரல்: "அது பொய் நிறங்க. தேய்ச்சதும் நான்தான், சாயம் ஏத்த வச்சதும் நான்தான். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."
ஹோமர் நாணயத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.
நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அதையும் இவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது!

மே 11
வெள்ளி கழுவும் மருந்தில் முக்கிப் பொய் நிறத்தை எடுத்துவிட்டேன். இப்போது வெறும் வெள்ளை. காகித உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன். இனி தானாகக் கறுத்தால்தான் உண்டு.
காபி குடிக்கும்போது வெர்னன் கேட்டார்: "பழையபடி ஆக எவ்வளவு நாளாகும்?"
"அதைப் பாக்க நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்."
கோப்பையைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும் எங்கூடப் பேச மாட்டியா?"
"இப்போ என்ன பண்ணிட்டிருக்கேனாம்?" என்றேன். கடுகடுவென்றுதான்.