மலிவான டீகோடர்

14 நவம்பர் 1997, வெள்ளி

நாசர் பாய் விசா கேன்சலாகி நாளை ஊருக்குப் போகிறார். துபாய் குசைஸில் உள்ள இந்த ரூமில் ஆறு வருடமாக எனக்கு மேல் கட்டிலில் படுப்பவர். பலகையில் தண்டவாளம் போட்டு, ஆளுக்கொரு சின்ன ரயில் இஞ்சின் ஓட்டுவோம். டீகோடர் என்ற எலக்ட்ரானிக் சில்லை இஞ்சினுக்குள் வைத்தால், ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டலாம். போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பர் துபாயில் நான்தான் இரண்டு டீகோடர் வாங்கினேன். ஒன்று நல்லது, மற்றது மலிவு. அவருடைய பழைய மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுக்கும், மலிவானது தாங்காது என்று தெரியும். ஆனாலும் நல்லதை என் இஞ்சினில் வைத்துக்கொண்டேன். போகிறவர்தானே என்று நினைத்துவிட்டேன்.

ஜும்மா முடிந்து வந்து அவரே கன்ட்ரோலரைத் திருகினார். அவர் இஞ்சின் ஒரு சாண் நகர்ந்தது, புகைந்தது, நின்றுவிட்டது.

"விடு தம்பி. நல்லவேளை, உன்னோடதுக்கு ஒண்ணும் ஆகல," என்றார். பிறகு அந்த இஞ்சினைத் துடைத்து என் கையில் வைத்தார். "இதையும் நீயே வச்சுக்க. நல்ல டீகோடரா ஒண்ணு போட்டு ரெண்டையும் சேத்து ஓட்டு."

தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். கருகல் வாடை இன்னும் போகவில்லை. மேலே அவர் புரண்டு படுக்கிறார்.