பாட்டில் பொறியும் தேவி கேட்ட இறாலும்

ஜனவரி 6, செவ்வாய்

சரியான பனி. எட்டு மணிக்கும் ஏரிக்கரை தெரியவில்லை. இந்த வாரம் செகண்ட் ஷிப்ட், காலையில் வீட்டில்தான்.

தேவிக்கு நாலாம் மாதம். கஞ்சி, வாந்தி. இட்லி, வாந்தி. இதற்கு முன் இரண்டு கருவும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயின. அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டாலே தண்ணீர்ச் சொம்போடு ஓடுகிறேன். என்னதான் வேண்டும் என்றால் ஒரே பதில்: "ஏரி இறா கெடச்சா ரெண்டு வாய் துன்னுவேன் மாமா." கடை இறால் வாங்கி வந்தேன், ஐஸ் நாற்றத்துக்கே வெளியே ஓடினாள்.

பொறி செய்து பார்க்கலாம். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், கட்டுக்கம்பி, கோணி ஊசி, நைலான் கயிறு. கறிக்கடையில் கோழிக்குடல் சும்மாவே கொடுத்தான்.

ஜன. 7, புதன்

பாட்டில் கழுத்தை அறுத்து, வாயை அகலமாக்கி, தலைகீழாக உள்ளே செருகிக் கம்பியால் தைத்தேன். இறால் உள்ளே போகும், திரும்பி வர வழி தெரியாது. குடலைப் போட்டு மடைக்கால்வாயில் இறக்கினால் மிதக்கிறது! துணி துவைத்தவர்கள் ஒரே சிரிப்பு. "இன்னாபா, கப்பல் வுடறியா?" மானம் போச்சு. ஓட்டையும் போடவில்லை, கல்லும் வைக்கவில்லை. நான் பெரிய இன்ஜினியர்.

ஊசியைக் காய்ச்சி சுற்றிலும் ஓட்டை. உள்ளே கல். வேலைக்குக் கிளம்பும் முன் மறுபடி இறக்கி வேலிகாத்தான் வேரில் கட்டினேன்.

ஜன. 8, வியாழன்

நாலு இறால், ஒரு நண்டு. இறாலுக்கும் நீளக் கொடுக்கு, ஒன்று விரலைப் பிடித்துவிட்டது. மிளகு போட்டு வறுத்துச் சோற்றோடு தின்றாள். அரை மணி ஆயிற்று, வாந்தி இல்லை. பெரிய ஏப்பம் ஒன்று விட்டாள். ரெண்டு பேரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

ஜன. 10, சனி

கம்பெனி டைரி பையில் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பொறி நிறைய இறால். ஒன்றும் கொடுக்கைத் தூக்கவில்லை, துவண்டு கிடந்தன. பனியில் விறைத்திருக்கும் என்று நினைத்தேன். மடையன்.

வறுத்துக் கொடுத்தால், தேவி இன்று முகத்தைத் திருப்பினாள். "வாணாம் மாமா, கொமட்டுது." எனக்கு வந்ததே கோபம். "உனக்கா துன்னச் சொல்றேன்? உள்ள கீற புள்ளைக்குத் துன்னு!" கத்தினேன். நாலு வாய் தின்றாள், எழுந்து பின்பக்கம் போனாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அக்கா வந்தாள். அடுத்த வீடு, கழனி வேலைக்குப் போகிறவள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா புடிச்ச?"

"மடைக்கால்வாய்ல."

"அடப்பாவி! நேத்து மேல் கழனிக்குப் பூச்சிக்குக் குருணை மருந்து போட்டோமேடா. அந்தத் தண்ணி அங்கதான வடியுது!"

தேவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் காதருகே சொல்கிறாள்: "பயப்படாத மாமா. அப்பவே எல்லாம் வாந்தி எடுத்துட்டேன். நீ கோச்சிக்குவியேன்னு சொல்லல. சாம்பல் போட்டு மூடிட்டேன்."

அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

டாக்டரம்மா திட்டினார். நன்றாகத் திட்டட்டும். வயிற்றில் மெஷின் வைத்து எனக்கும் கேட்கவைத்தார். குழந்தையின் துடிப்பு, குடுகுடுவென்று. "எல்லாம் வெளிய வந்துடுச்சா?" என்றார். வந்துவிட்டது என்று நானே அடித்துச் சொன்னேன். ராத்திரி இருந்துவிட்டுப் போங்கள் என்றார். தேவிக்குப் பசிக்கிறதாம், வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். கொஞ்சம் தலை சுற்றுகிறதாம், அவ்வளவுதான்.

இப்போது அக்கா போன். "டேய், பின்னாடி சாம்பலக் கெளறின கோழி ரெண்டும் செத்துக் கெடக்குதுடா."

"யாரு மாமா போன்ல?" என்கிறாள் தேவி.

அக்காதான், சாப்டியானு கேக்குது என்றேன். டாக்டரம்மா அறை பூட்டியிருக்கிறது. நர்ஸைத் தேடி ஓடுகிறேன்.