வலது காதுக் கொப்பு

என் வீட்டுக்காரருக்கு எனக்கு முன்னால் வாழ்க்கைப்பட்ட என் அன்புள்ள செல்லாயி அக்காவுக்கு,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அவர் ஒருமுறை சொன்னார். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஒன்றிலாவது உன்னைவிட நான் மேலே இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீ இருக்கிற இடத்தில் யாராவது படித்துக் காட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர்களும் கேட்டால் கேட்கட்டும், எனக்கு அதில் வெட்கம் இல்லை.

சேதி இதுதான். என் வலது மேல்காது ஆறிவிட்டது. கார்த்திகையில் குத்தியது, இப்போது ஆடி. போன வாரம் ஜொகூர் பாருவில் பத்தர் தொட்டுப் பார்த்து, "குருத்து கெட்டிப்பட்டுருச்சும்மா, இனிமே கொப்பு போடலாம்" என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டு எனக்கென்ன ஆகப்போகிறது என்பாய். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நீ காய்ச்சலில் போன மறுவருஷம் அவர் உலு திராம் தோட்டத்தை விட்டுவிட்டு இந்தத் தெப்ராவ் பக்கம் வேலைக்கு வந்தார். வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். அதனால் இந்த லயத்து வீடுகளில் உன்னைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. உன் அழகைப் பற்றி எனக்குச் சொன்னது ஒரே ஒரு வாய். ஆயர் ஈத்தாமில் இருக்கிறாளே, அவருடைய அக்கா அஞ்சலை, நம் நாத்தனார், அவளுடைய வாய். நாத்தனாரை மட்டும் "நம்" என்று எழுத எனக்குத் தயக்கமே இல்லை. பாதியை நீயே வைத்துக்கொள்.

போன தீபாவளிக்கு வந்தவள், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே என் காதைப் பார்த்தாள். "செல்லாயி கொப்பு போட்டுக்கிட்டு பெரட்டுக்கு வந்து நின்னா, கங்காணியே ஒரு தடவ திரும்பிப் பாப்பாரு. உனக்கென்ன இருக்கு, ஒரு தோடு" என்றாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எனக்குப் பக்கத்தில் நீயும் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நீ இறந்த பிறகு விலை ஏறிக்கொண்டே போனாய். நானோ உயிரோடு இருந்து தினமும் தேய்ந்தேன்.

அந்தக் கொப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய தகரப்பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்து. முடிச்சை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அவிழ்த்ததில்லை. அன்றைக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அந்தக் கொப்ப நான் போட்டுக்கட்டுமா?"

"அது வேணாம் பாக்கியம்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அன்றைக்குக் கஞ்சியில் உப்பே போடவில்லை. அவர் அதையே குடித்துவிட்டு எழுந்து போனார். செத்துப்போனவளுக்காகப் பத்திரப்படுத்துகிறவரை உயிரோடு இருக்கிறவள் என்ன செய்வாள், நீயே சொல்.

நான் செய்தது இது. பக்கத்து வீட்டு ராக்கம்மாவோடு பசாருக்குப் போகிறேன் என்று கிளம்பி, பத்தர் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். காதில் துளை இருந்தால் கொப்பை எப்படித் தராமல் இருப்பார், பார்த்துவிடலாம் என்று இருந்தது. இரண்டு காதையும் குத்தச் சொன்னேன். பத்தர் ஒப்பவில்லை. "ரெண்டையும் குத்திட்டு எந்தப் பக்கம் படுப்பே? ஒண்ணு ஆறட்டும்" என்று வலது காதை மட்டும் பிடித்தார். கீழ்க்காது சதை, அது ஒன்றும் தெரியாது. மேல்காது குருத்து. ஊசி போகும்போது நறுக்கென்று ஒரு சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

மெல்லிய கம்பியோடு வீட்டுக்கு வந்தேன். அவர் திட்டுவார், இல்லை அழகாக இருக்கிறது என்பார், இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவருக்கு முகம் வெளிறிப் போயிற்று. "ஊசியத் தீயில காட்டுனாரா?" என்றார். கேட்டது அவ்வளவுதான். அடுப்பில் தண்ணீர் வைத்தார். கொதித்ததை இறக்கி உப்புப் போட்டு ஆற வைத்தார். பழைய வேட்டியைக் கிழித்து, அதையும் வெந்நீரில் போட்டுப் பிழிந்தார். பிறகு என் காதில் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை, அழுத்தவில்லை, ஒற்றினார்.

அன்று தொடங்கி தினமும் சாயங்காலம் ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்ததும் முதலில் கையைக் கழுவுவார், அடுத்தது என் காதுதான். ராக்கம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தாள், வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "கம்பியச் சுத்தாத. பொருக்க நோண்டாத. ஊறுனா அதுவா வரும்" என்பார். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது தலைத்துண்டு காதில் உரசாதபடி அவரே கட்டிவிடுவார். விரலின் பின்பக்கத்தைக் காதுக்கு அருகில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். நான் தூக்கத்தில் வலது பக்கம் புரளுகிறவள் என்று தெரிந்து, துணியைச் சுருட்டி விறகு சுமக்கிற சும்மாடு மாதிரி ஒன்று செய்து தலைக்கு வைத்தார். புரண்டாலும் காது அதன் நடுக்குழியில் போய் இருக்கும், எங்கேயும் படாது.

வேறொருத்தியாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது அக்கா. ரப்பர் மரத்தில் உளி பிடிக்கிற கைக்கு இவ்வளவு மென்மை தானாக வருமா? யாரோ ஒருத்தியின் காதில் பழகிய கை அது. யார் என்று சொல்லவா வேண்டும். எனக்குச் செய்வதையெல்லாம் அவர் ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்துவிட்டார், எனக்குக் கிடைப்பது இரண்டாம் தடவை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டும்விட்டேன்.

"யாரு காதுல பழகுனீங்க இதெல்லாம்?"

அவர் மங்குக் கிண்ணத்தில் இருந்த உப்புத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வெளியே போய்விட்டார். சொல்லாத பதில்தான் சொன்ன பதிலைவிடச் சுடும், தெரியுமா உனக்கு?

பொங்கலுக்கு அஞ்சலை வருகிறாள் என்று சேதி வந்தது. காது குத்தி அப்போது ஆறு வாரம் இருக்கும். வெளியே பார்க்க ஆறின மாதிரிதான் இருந்தது, வலியும் இல்லை. அவள் வரும்போது என் காதில் உன் கொப்பு இருக்க வேண்டும், அவள் வாய் அடைபட வேண்டும், வேறு நினைப்பே எனக்கு இல்லை. அவர் வருவதற்குள் பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே இரண்டு கொப்பு இருந்தது. ஒன்று மங்கிப் போயிருந்தது, மேலே பதித்த முத்துகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. மற்றது பத்தர் கையிலிருந்து நேற்று வாங்கிவந்த மாதிரி புத்தம்புதுசாகப் பளபளத்தது. ஒரே ஜோடிதான், வேலைப்பாடு அப்படியே ஒன்று. இது ஏன் இப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆத்திரத்தில் அந்த யோசனை நிற்கவில்லை. கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுசின் திருகைக் காதில் வைத்தேன். அது தடி, துளையோ ஊசிக்கண் அளவு. அழுத்தினேன்.

என் கையை யாரோ பிடித்தார்கள். அவர்தான். எப்போது வந்தார் என்றே தெரியாது. என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ காதும் இப்படித்தான் போச்சு" என்றார்.

"எந்தக் காது?"

"வலது. இடது ஆறியிருந்துச்சு. வலது குத்தி இருபது நாள்தான். அக்கா மக சடங்குக்கு அவள ரெண்டு கொப்போட கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆச. அவ வேணாம் வேணாம்னா. நாந்தான் கம்பியக் கழட்டிட்டுத் திருகுனேன். மூணாம் நாள் காது நெருப்பா கொதிச்சிருச்சு."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிற டிரஸர் கீறிச் சீழ் எடுத்தாராம். உப்புத் தண்ணீர், துணி, சூடு பார்ப்பது, சும்மாடு எல்லாம் டிரஸர் சொல்லிக் கொடுத்ததாம். மூன்று மாதம் இவர்தான் உன் காதைப் பார்த்திருக்கிறார். புண் ஆறியது, காதின் மேல்மடல் காய்ந்த வத்தல் மாதிரி சுருண்டுவிட்டது. அதற்குப் பிறகு நீ வலது பக்கம் முந்தானையைப் போடாமல் வெளியே வந்ததே இல்லையாம். கேட்டவர்களிடம் எல்லாம் நீயே நோண்டிப் புண்ணாக்கிக்கொண்டதாகச் சொன்னாயாம்.

"எம்பேர ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அவர் பதறியதற்கு உன் காது சிதறியது. அழுது முடித்துவிட்டு எழுந்தார், கையைக் கழுவினார், கம்பியை வெந்நீரில் போட்டு எடுத்து என் காதில் திரும்ப மாட்டினார்.

பொங்கலுக்கு அஞ்சலை வந்தாள். அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"ஏன் அண்ணி, அவுங்க காது சுருண்டத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"செத்தவ கொறைய எவளாவது சொல்லுவாளா? எங்க வீட்டு விசேசத்துக்கு வரப்போயி ஆனது லா அது. எந்த வாயால சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு அவள் கொப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், நல்லவள் அல்லவா. தீரவில்லை. கூடிப்போயிற்று. முன்னே உன் அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், இப்போது உன் சுருண்ட காதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அதை நினைத்து அவர் இன்னும் அழுகிறாரே. நன்றாக ஆறிய காதுக்காக யார் அழுவார்கள்? என் காது பிழைத்தது உன் காது கெட்டதால்தான். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்ல வாய் வரவில்லை, எழுதத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காது ஆற ஆற அவர் உப்புத் தண்ணீர் வைப்பதும் குறைந்தது. தினமும் ஒருதரம் என்றிருந்தது இரண்டு நாளுக்கு ஒருதரம் ஆனது, பிறகு நின்றேபோனது. வைகாசியில் ஒருநாள் வலிக்காத காதை வலிக்கிறது என்றேன். அவர் அடுப்பைப் பற்றவைக்க ஓடினார். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், சூடு பார்க்கத் தெரிந்த விரல் ஆயிற்றே. ஆனாலும் துணியை நனைத்து வெகுநேரம் ஒற்றிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கண்ணில் இருந்தது என் காதா, உன் காதா?

போன வாரம் பத்தர் சொன்னதும், நான் கேட்காமலே வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து முடிச்சை என் கையில் கொடுத்தார். நான் புதுசை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது உன் வலது காதுக்காகச் செய்தது, மூன்றே நாள் இருந்தது. இப்போது என் வலது காதில் இருக்கிறது. தேய்ந்தது உன்னுடையது, அதில் எனக்குப் பங்கு இல்லை. திரும்ப முடிந்து பெட்டியில் வைத்துவிட்டேன்.

இடது காதை நான் குத்திக்கொள்ளப் போவதில்லை, பத்தரிடமும் சொல்லிவிட்டேன். உன் கொப்பைப் புளி போட்டுத் தேய்க்கவும் மாட்டேன், விற்கவும் விடமாட்டேன். நீ போட்டுத் தேய்த்தது அப்படியே இருக்கட்டும். ஒற்றைக் காதில் போட்டிருக்கிறாயே, மற்றது எங்கே என்று பெரட்டில் கேட்கிறார்கள். என் அக்கா காதில் இருக்கிறது என்று சொல்கிறேன். யார் கேட்டாலும், எத்தனை வருஷம் ஆனாலும், அதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
நம் வீட்டுக்காரரின் இளையாள்,
உன் தங்கை
தனபாக்கியம்