கடைசிப் பத்தி

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் கேட்டுக்கொண்டபடி, வீட்டில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். என்னைப் பற்றியும்தான்.

கதை எழுதுவதற்காக அம்மா டீச்சர் வேலையை விட்டதிலிருந்து, துணி தேய்க்கும் மேசைதான் அவளுடைய எழுத்து மேசை. என் சட்டைகள் கசங்கிக் கிடக்கின்றன. இந்த வாரமும் பத்திரிகையிலிருந்து கதை திரும்பிவிட்டது. கணவனை இழந்த ஒருத்தி சினிமாவுக்குப் போய், பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் தன் பையை வைக்கிறாளே, அந்தக் கதை.

தலைமையாசிரியை ஃபோன் செய்தார். அம்மாவின் இடம் இன்னும் காலியாம். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் வேறு ஆளாம். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் அம்மா. பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். மேலே பாத்திரமே இல்லை.

உங்கள் வாயாடி

ஜூன் 12

என் வாயாடிக்கு,

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாலும் எனக்குச் சம்மதம், போகாவிட்டாலும் சம்மதம் என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "இப்படிச் சொன்னா நான் என்னதான் பண்றது" என்று கோபித்துக்கொண்டாள். கதையை எனக்கும் அனுப்பியிருந்தாள். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. நீதான் வீட்டில் புத்தகப் புழு. படித்துப் பார். பிடிக்காததையும் சொல். சட்டையை நீயே தேய்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

ஜூன் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

சொன்னேன். நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

"பையை வச்சதுக்கப்புறம், தனிமைன்னா என்னன்னு ஒரு பத்தி வருதேம்மா. அதுல நீ சாக்பீஸோட நிக்கிற மாதிரி இருக்கு."

"அது இல்லேன்னா எப்படிடி புரியும்?"

"எனக்கு அதுக்கு முன்னாடியே அழுகை வந்துடுச்சு. அந்தப் பத்தி வந்ததும் நின்னுடுச்சு."

"வந்துட்டா மேதாவி. போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

கழுவிவிட்டு வந்தபோது அந்தப் பத்தி முழுவதையும் குறுக்கே அடித்திருந்தாள், பரீட்சைத் தாளில் அடிப்பதுபோலச் சிவப்பு மையில். வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினோம்.

பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் இன்று அவளாகவே தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்து, "வேற ஆளைப் போட்டுக்குங்க" என்றாள். ஃபோனை வைத்த கையோடு பேனாவை எடுத்தாள்.

இப்போது புதுக் கதை எழுதுகிறாள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும், பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். "கடைசியில பேசிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலடி."

அவளுடைய வகுப்பில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருநாளும் அம்மா அப்படிச் சொன்னதில்லை. இன்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இன்னும் எழுத ஆசைதான். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் வாயாடி