ஆடு மேய்த்த தளபதி

மார்ச் 3
இன்று அண்ணன் மகள் எம்னாவைப் பெண் கேட்டு மீனவர் சாதிக் வந்தார். மகன் ரம்ஸி பிஸெர்தா துறைமுகத்தில் பொறியாளர். எம்னாவுக்கும் பிடித்த பையன். என் அண்ணன் முன்ஜி காபி கொடுத்தார். கூடவே எங்கள் குடும்பப் பெயருக்கு விளக்கமும் கொடுத்தார்.

"பென் ஆகான்னா தளபதி மகன்னு அர்த்தம். எங்க மூதாதை துருக்கிக் குதிரைப்படைக்கே தலைவர்."

தன் அப்பா வலை பின்னியவர் என்றார் சாதிக். அண்ணனுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது; பேச்சு அதோடு நின்றது. எம்னா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.

மார்ச் 5
அண்ணன் வம்சாவளி எழுதிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறாராம். இனிச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டுமாம். பழைய பதிவுகளைத் தேடுவது என் வேலை. துனிஸில் இருக்கும் சித்தப்பா மகள் ஜலீலா துணைக்கு வருவாள்.

மார்ச் 14
குதிரைப்படைச் சம்பளப் பதிவுகளை முழுக்கப் பார்த்தோம். எங்கள் ஆள் இல்லை. காலாட்படையில் பார்க்கச் சொன்னார் அண்ணன். அங்கேயும் இல்லை. படைக்குச் சமைத்தவர்களில் பார்க்கலாமா என்று ஜலீலா கேட்டாள். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

மார்ச் 21
ஜலீலா போன் செய்தாள். "அக்கா, முதல்ல உட்காரு."

காஜியின் நீதிமன்றப் பதிவில் ஆள் அகப்பட்டுவிட்டார். யூசுப், மால்டாவிலிருந்து படகில் வந்தவர். தெருத்தெருவாக ஆடு ஓட்டிப் பால் கறந்து விற்றவர். ஆடுகளை அதட்டும் தோரணையைப் பார்த்து ஊர் வைத்த கேலிப்பெயர்தான் ஆகா. தளபதி!

யார் போய் அண்ணனிடம் சொல்வது? நான்தான். வேறு யார்?

மார்ச் 22
சொல்லிவிட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் பழைய எழுத்து படிக்கத் தெரியல" என்றார். சாப்பிடவில்லை. நாளை துனிஸுக்குத் தானே போகிறாராம்.

மார்ச் 24
போனவர் மாலையில் அமைதியாக வந்தார். பதிவின் மிச்சத்தையும் படித்திருக்கிறார். வழக்கே கல்யாண வழக்காம். யூசுப் கேட்ட பெண் ஸலூஹா, தோல் வியாபாரியின் மகள். ஆட்டு நாற்றம் அடிக்கிறவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று அவளுடைய அப்பா மறுத்திருக்கிறார். அவளே காஜி முன்னால் வந்து நின்றாளாம்.

அவள் சொன்னதை அண்ணன் எங்களுக்குப் படித்துக் காட்டினார்: "நாத்தம் குளிச்சா போயிடும். எங்கப்பா வாய் நாத்தம் எதுல கழுவுனாலும் போகாது."

காஜி கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எம்னா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, நானும் காஜிகிட்ட போகணுமா?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 25
காலையில் அண்ணனே சாதிக் வீட்டுக்குப் போனார். கையில் பெரிய இனிப்புப் பெட்டி.

ஏப்ரல் 6
சாதிக் குடும்பம் விருந்துக்கு வந்தது. மீன் குஸ்குஸ். அண்ணன் யூசுபின் கதையை ஆரம்பித்தார். "மனுஷன் வெறுங்காலோட கரையேறினார்" என்றார், நேரில் பார்த்தவர் போல.

சாதிக் விடவில்லை. "எங்க மூதாதைக்குச் சட்டையே கிடையாது. சாக்கைக் கட்டிக்கிட்டுதான் வந்தார்."

"யூசுப் ஆட்டோட தூங்கினவர், தெரியுமா?"

"எங்க ஆளுக்கு ஆடே கிடையாதே."

நள்ளிரவு வரை யாரும் தோற்கவில்லை. நாள் குறிக்க வேண்டும் என்பது இருவருக்கும் நினைவே வரவில்லை. எம்னாவும் ரம்ஸியும் சமையலறையில் நின்றபடி தாங்களே குறித்துக்கொண்டார்கள்.