பொட்டு வைத்த டிஸ்க்

23.11.2007, வெள்ளி

எங்கள் வெள்ளவத்தைப் போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் ஒரே பதிவை இரண்டு டிஸ்க்குகள் வைத்திருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். இன்று இரண்டாம் இடத்து டிஸ்க் பழுது என்று திரையில் வந்தது. 'இரண்டு' என்று நானே எழுதி ஒட்டிய டிஸ்க்கை இழுத்தேன். கணினி அப்படியே நின்றுவிட்டது. இழுத்தது நல்ல டிஸ்க்!

ஆயுத பூசைக்கு இரண்டையும் கழற்றித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தவளும் நான்தான். திரும்பப் பூட்டும்போது இடம் மாற்றிவிட்டேன். முருகா!

பக்கத்தில், வழக்கமாகக் கடைக்கு வரும் கமலாக்கா நின்றார். கிளிநொச்சி வீடு எரிந்த பிறகு அவருடைய மகனின் பிறப்புச் சான்றிதழ், முன்பு நான் ஸ்கான் செய்து வைத்தபடி, அந்தக் கணினிக்குள் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுக்கு அது வேண்டும்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போச்சு?"

"ஒண்டுமில்லை அக்கா, கரண்ட்."

மருதானையில் கணினி திருத்தும் முஸ்லிம் அண்ணரை, எங்கள் நானாவை, போனில் கூப்பிட்டேன்.

"புதுசப் போட்டுடாதீங்க தங்கச்சி. கழட்டினத அதே இடத்துல வெச்சிட்டு மெஷின ஓஃப் பண்ணுங்க. நான் வாறன்."

அவர் வந்து கணினியை இயக்கி, டிஸ்க்கில் அச்சடித்திருந்த தொடரிலக்கத்தைத் திரையோடு ஒப்பிட்டார். பிறகுதான் பழுதானதைக் கழற்றினார்.

"பொட்ட சாமி பாக்கும். நம்பர நீங்கதான் பாக்கணும்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சான்றிதழ் திறந்தது. மூன்று பிரதி எடுத்துக் கமலாக்காவிடம் நீட்டினேன்.

"உன்னட்டை இருக்கேக்க எனக்கு ஏன் மூண்டு?" என்று இரண்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்த இரண்டும் இப்போது முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கணினி நின்றது கரண்ட்டால் என்றுதான் கமலாக்கா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.