மூன்றாவது வரியில் முசியே எமில்

லா சப்பல்,
4 மே 2025

அன்பு மருமகள் துஷ்யந்திக்கு,

லா சப்பல் கடைத்தெருவின் பேரரசரும், எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பதினொரு வருடத் தலைவருமான உன் தாய்மாமா எழுதுவது. நான் சுகம். கேட்க ஆளில்லாததால் நானே சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் நீ பிரெஞ்சுக்குள் தப்பி ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம். நான்கு சனிக்கிழமையாக லீலில் இருந்து ரயிலேறி வருகிறாய். என் கடைவாசலைத் தாண்டி, மேல்மாடியில் இருக்கிற பெரியவர் முசியே எமிலிடம் போகிறாய். அவரைப் பற்றிப் புத்தகமாம். கமரூனில் இருந்து வந்து, அறுபதுகளில் வடக்குப் பிரெஞ்சு நகரம் ஒன்றின் கழகத்துக்குச் சம்பளத்துக்கு விளையாடிய முதல் கறுப்பு வீரர். எழுபத்தொரு கோல். நல்லது. ஊரில், இளவாலையில் நான் அடித்த பந்து மேகத்துக்குள் போய், மழையோடு இறங்கிக் கோலுக்குள் விழுந்தது. அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் குறைந்தா போவாய்?

பொபினியில் நடக்கப்போகிற எங்கள் கழகச் சுற்றுப்போட்டியில் முதல் பந்தை அவர் உதைக்கவேண்டும் என்று கேட்டிருந்தாய். பதினொரு வருடமாக அதை உதைக்கிற கால் என்னுடையது. ஆனாலும் நான் வள்ளல். நோட்டீசில் அவர் பெயரையும் போட்டிருக்கிறேன். இத்துடன் வருகிறது.

உன் அன்பு மாமா,
செபஸ்தியாம்பிள்ளை

லீல்,
20 மே 2025

அன்பு மாமாவுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. பிரதம விருந்தினர் நீங்கள், படத்துடன். சிறப்பு விருந்தினர் நகைக்கடை ஸ்ரீஸ்கந்தராசா. மூன்றாவது வரியில், எறும்பு எழுத்தில், கௌரவ விருந்தினர் எமில். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நம்பித்தானே செய்தீர்கள்?

அவர் விளையாடிய முதல் இரண்டு வருடமும் அந்த வடக்கு நகரக் கழகம் ஒட்டிய சுவரொட்டிகளில் பத்துப் பேரின் பெயர் இருக்கும். பதினோராவது இடத்தில் "மற்றும் ஒருவர்". கோல் அடித்தவர் அந்த ஒருவர்தான். வெளியூருக்குப் போனால் மற்றவர்களுக்கு ஹொட்டல், அவருக்கு பஸ்சில் படுக்கை.

நான் பொபினிக்கு வரமாட்டேன். உங்கள் கடைக்கும் வரமாட்டேன். உங்கள் கதைகளைக் கேட்டுத்தான் எனக்கு எழுத ஆசை வந்தது. கோபம் கூடியதும் அதனால்தான்.

துஷ்யந்தி

லா சப்பல்,
17 ஜூன் 2025

அன்பு மருமகளுக்கு,

பட்டங்களைக் கழற்றிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

பொபினியில் நாற்பதாயிரம் சனம். சரி, நானூறு. ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. மைதான நடுவில் பந்து தயார். திரும்பிப் பார்த்தேன். முசியே எமில் நோட்டீசை மடியில் விரித்து, தன் பெயர் எதுவென்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். என் கால் எழும்பவில்லை, பிள்ளை.

அவரிடம் நடந்துபோய் மூன்றாவது வரியைக் காட்டினேன். ஏன் அங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். என் மருமகள் உங்களைத் தேடி வருகிறாள், என்னைத் தேடி வரவில்லை, அந்த எரிச்சல் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி. இப்ப என்ன செய்யப் போறீர்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிவந்தேன். எழுபத்தொன்பது வயது, இடது காலால் ஓர் உதை. சனம் எழும்பி நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு என்னை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

நேற்று நோட்டீசைத் திரும்ப அடிப்பித்துக் கடைக்கதவில் ஒட்டினேன். பிரதம விருந்தினர் எமில். வேறு பெயர் இல்லை.

"முடிஞ்ச போட்டிக்கு ஏனண்ணை நோட்டீஸ்?" என்று கேட்டாள் மரக்கறி வாங்க வந்த புனிதவதி.

"நான் வாசிக்கத்தான்" என்றேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். பாதி இருக்கிறது. சனிக்கிழமை அவரிடமே முதலில் போ. மூன்று மணித்தியாலம் இரு. எனக்குப் பத்து நிமிடம் தந்தால் போதும்.

உன் மாமா